முப்பத்திரண்டாவது விதி

1

தலைவர் அண்ணாச்சி, நீங்கள் எங்களை ஏமாற்றினீர்கள்.

இதை இரண்டு வருடத்துக்கு முன்னால், சங்க மாடியில், உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அன்று வாய் வரவில்லை. இன்று ஜப்பானில், கோபே நகரத்தில், மூன்றாவது மாடி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்பதும் பொய். நாலு வரி எழுதினால் எழுந்து பால்கனிக்குப் போகிறேன். துறைமுகத்துக் கிரேன்களைப் பார்க்கிறேன். திரும்பி வந்து அந்த நாலு வரியில் இரண்டை அடிக்கிறேன். காலையிலிருந்து இதே வேலை.

கடல் கடந்து போனவர்கள் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வழக்கமாகப் பூக்கும் மரங்களைப் பற்றியும் நேரம் தவறாத ரயில்களைப் பற்றியும் எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை அது முடியாது.

இன்று மே மூன்று. இங்கே விடுமுறை. 1947இல் இந்த நாட்டின் இப்போதைய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். என் மகள் ஆர்த்திக்குப் பதினான்கு வயது. பேரரசரின் கையில் இருந்த நாடு மக்களின் கைக்கு எப்படி வந்தது என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள் அவள் பள்ளியில். சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். எனக்கு அந்த எழுத்துகளில் கால்வாசிதான் தெரியும். படித்துச் சொல்லச் சொன்னேன். பாதி தமிழ், பாதி ஜப்பான் மொழியில் சொன்னாள்.

கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொல்லிக்கொண்டிருந்தது ஜப்பான் கதை. எனக்குக் கேட்டது நம் சங்கத்தின் கதை.

2

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பனங்காட்டு ஊர்களிலிருந்து பிழைப்புக்குத் தூத்துக்குடி வந்து கடை வைத்த குடும்பங்கள் எங்களுடையவை. அந்தக் குடும்பங்கள் சேர்ந்து உண்டாக்கியது உறவின்முறைச் சங்கம். பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் சரக்கு அடுக்கும் ஒரு கிட்டங்கிக்கு மேல் மாடியில் அதன் அலுவலகம் இருக்கிறது. சங்கத்துக்குப் பள்ளிக்கூடம் ஒன்று, கல்யாண மண்டபம் ஒன்று, கோயில் ஒன்று. மூன்றுக்கும் ஒரே தலைவர். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. அதற்கு முன்னால் தாத்தா. தேர்தல் கிடையாது. ஒருவர் போனால் பதினாறாம் நாள் மகனுக்குத் தலைப்பாகை கட்டுவார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் கெட்டது மட்டுமே செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நான் படித்தது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். என் அக்கா கல்யாணம் அந்த மண்டபத்தில்தான். ஆனால் யாரை வேலைக்கு வைப்பது, யாரை எடுப்பது, எந்த வீட்டுக்கு மண்டபம், எந்த வீட்டுக்கு இல்லை, எல்லாம் அவர் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தை. கேள்வி கேட்க இடமே கிடையாது.

கடைக்காரர்களின் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். வக்கீல் இருக்கிறான், ஆடிட்டர் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். எழுத்தில் விதிகள் வேண்டும் என்றார்கள். தலைவர் புத்திசாலி. சண்டை பெரிதாகும் முன்னே அவரே முந்திக்கொண்டார். அந்த வருடம் நான் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மேசையில் எனக்கென்று மக்ரூன் வாங்கி வைத்திருந்தார்.

"ஏலே பாண்டி, நீ வெளிநாட்டுல ஒழுங்கா இருக்கப்பட்ட ஊருல இருக்க. அங்கன உள்ளது மாதிரி நமக்கும் ஒரு சட்டதிட்டம் எழுதித் தாயேன். இங்கன உள்ள வக்கீல் பயலுவகிட்ட குடுத்தா அவன் கட்சிக்கு எழுதிப்புடுவான்."

"தலைவரையும் சேத்துத்தான் விதி இருக்கும் அண்ணாச்சி. பரவால்லையா?"

"எழுதுலே. நான் என்ன, ராசாவா?"

எனக்கு மனசு குளிர்ந்து போனது. கோபேக்குத் திரும்பி வந்து ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதினேன். முப்பத்தொரு விதிகள். ஐந்து பேர் கொண்ட குழுவைப் பொதுக்கூட்டம் தேர்ந்தெடுக்கும். விசாரிக்காமல் யாரையும் வேலையிலிருந்து எடுக்கக் கூடாது. விசாரணையைக் குழு முப்பது நாளில் முடிக்க வேண்டும். தலைவர் பதவி அவர் வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகட்டும், திருவிழாவில் முதல் மரியாதை அவருக்கே, ஆனால் முடிவுகள் குழுவுடையவை. மன்னர் இருப்பார், ஆள்வது சட்டம். இந்த நாட்டில் நான் தினமும் பார்க்கிற ஏற்பாடு அது. ஊரிலும் நடக்கும் என்று நம்பினேன்.

3

என் வேலை முத்துத் தரம் பிரிப்பது. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தது பழைய கதை, அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. நான் வளர்ப்பு முத்துகளை வடக்குப் பார்த்த ஜன்னலடியில், வெள்ளைத் துணியில் பரப்பி, நிறமும் மினுக்கமும் பார்த்துப் பிரிக்கிறவன். எதிர் நாற்காலியில் நிஷிதா என்கிற பெண். என் வயதுதான். இருபது வருடமாக எதிரெதிராக உட்கார்ந்திருக்கிறோம்.

விடுமுறைக்கு முந்தின நாள் அவரிடம், "அரசியல் சட்ட நாளில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"போர்வை துவைப்பேன்" என்றார். "வெயில் அடித்தால்."

"அவ்வளவுதானா?"

"பாண்டி, உங்களுக்குச் சட்டத்தின் மேல் இவ்வளவு ஆசை என்றால் என் மாமியாரைச் சந்திக்க வேண்டும். எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம் இருநூறு இருக்கிறது."

அவருக்கு அரசியல் சட்டம் பழகிப்போன சாமான், குழாயில் வரும் தண்ணீர் மாதிரி. ஆனால் அது சும்மா வரவில்லை என்று ஆர்த்தியின் புத்தகம் சொல்கிறது.

இந்த நாட்டுக்கு முதல் அரசியல் சட்டம் வந்தது 1889இல். அதற்கு முன்பே மக்கள் பாராளுமன்றம் கேட்டு மனுப் போட்டார்கள், கூட்டம் போட்டார்கள். ஊர்ப்புறத்து ஆசிரியர்களும் விவசாயிகளும்கூட உட்கார்ந்து பேசித் தாங்களாகவே சட்ட வரைவுகள் எழுதினார்கள். அரசாங்கம் ஒன்றையும் சீந்தவில்லை. அப்படி எழுதிய ஒரு வரைவு, ஒரு மலை ஊர் வீட்டின் பாழடைந்த களஞ்சியத்தில், எண்பது வருடம் போல் கழித்துக் கிடைத்ததாம். அதை எழுதியதில் முக்கியமான ஆள் ஒரு பள்ளி ஆசிரியர். அரசாங்கம் தன் ஆட்களை வைத்து மூடிய அறையில் வேறொன்று எழுதியது. பேரரசர் அதைத் தன் மக்களுக்குத் தாமே விரும்பித் தருகிற கொடையாகத் தந்தார். தலைநகரில் தோரணம் கட்டினார்கள், விளக்கேற்றினார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கொண்டாடியவர்களில் பலருக்குத் தெரியாது.

உள்ளே இருந்தது இதுதான். பாராளுமன்றம் உண்டு. மக்களுக்கு உரிமைகள் உண்டு, சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு. ஆனால் பேரரசர் புனிதமானவர், அவரைத் தொட முடியாது. மந்திரிகள் பதில் சொல்ல வேண்டியது அவருக்கு. படை அவர் கையில். அவர் பெயரைச் சொல்லிப் படைக்காரர்கள் நாட்டைக் கொண்டுபோய் எங்கே தள்ளினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் இருக்கிற இந்தக் கோபே பாதிக்கு மேல் எரிந்து சாம்பலான ஊர். அத்தனைக்கும் பிறகுதான் இரண்டாவது சட்டம் வந்தது. அதில் மக்கள்தான் எஜமானர்கள். பேரரசர் அடையாளம் மட்டும், ஆட்சியில் அவருக்கு அதிகாரமே இல்லை. அரண்மனைச் செலவுக்குக்கூடப் பாராளுமன்றம் சம்மதிக்க வேண்டும்.

நான் இந்த நாட்டைப் புகழவில்லை. இரண்டாவது சட்டத்தை எழுதியதில் ஜெயித்த நாட்டுப் படையின் கை இருந்தது என்பதும் ஆர்த்தியின் புத்தகத்திலேயே இருக்கிறது. இருபது வருடமாக வரி கட்டுகிற எனக்கு இங்கே ஓட்டுக் கிடையாது. வெளிநாட்டுக்காரன் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். நான் சொல்வது வேறு. முதல் சட்டத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஐம்பத்தெட்டு வருடம். நாங்கள் அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். எரிவதற்கு எங்களிடம் நகரம் எதுவும் இல்லை, ஒரு பள்ளிக்கூடம்தான் இருக்கிறது.

4

என் முப்பத்தொரு விதிகளைச் சங்கப் பொதுக்கூட்டம் ஏற்றுக்கொண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்காகவே பத்து நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தேன். மாடி நிறைய ஆட்கள். மின்விசிறிகளுக்குக் கீழே உட்கார அடிதடி. உப்பளத்துக்காரர்கள் ஒரு பக்கம், இரும்புக்கடைக்காரர்கள் ஒரு பக்கம்.

தலைவர் எழுந்தார். "இதை யாரும் கேட்டு வாங்கல. நானா மனசு வச்சுத் தாரேன். எங்க அய்யா காலத்துல கெடையாது, எங்க தாத்தா காலத்துல கெடையாது" என்றார். கைத்தட்டல். செயலாளர் விதிகளைப் படித்தார். முப்பத்தொன்று முடிந்ததும் நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை. கடைசித் தாளின் அடியில் பேனாவால் எழுதியிருந்த ஒன்றைத் தணிந்த குரலில் படித்தார்.

"முப்பத்திரண்டு. மேற்கண்ட எல்லா விதிகளும் தலைவரின் இறுதி முடிவுக்கு உட்பட்டவை."

நான் பக்கத்தில் இருந்த ராஜமணி மாமாவின் தொடையைத் தட்டினேன். இரும்புக்கடை வைத்திருக்கிறவர், எனக்குத் தாய்மாமன் முறை. "மாமா, இது நான் எழுதினது இல்ல."

"தெரியும்ல. பேசாம இரி. தாம்பாளம் வருது."

எங்கள் சங்கத்தில் கை தூக்குவது கிடையாது, சீட்டு எழுதிப் போடுவது கிடையாது. வெற்றிலை பாக்குத் தாம்பாளம் வரும். எடுத்துக்கொண்டால் சம்மதம். எடுக்காமல் தள்ளினால் சம்மதமில்லை. ஆனால் தாம்பாளத்தை அனுப்புவது தலைவர் வீடு. அவர் வீட்டு வெற்றிலையை வேண்டாம் என்பது விதியை வேண்டாம் என்பதாக ஆகாது, அவரையே வேண்டாம் என்றதாகிவிடும். எனக்குத் தெரிய ஒரே ஒருவர் தள்ளியிருக்கிறார், நான் சிறுவனாக இருக்கும்போது. அவர் செத்துப்போய் வருடக்கணக்காகிறது. அவர் பேரனுக்குப் பெண் கேட்டுப் போனால் இன்றைக்கும், "யாரு, தாம்பாளத்தத் தள்ளுனவன் வீடா?" என்றுதான் கேட்கிறார்கள்.

வரிசையாக எல்லாரும் எடுத்தார்கள். ஆடிட்டர் எடுத்தான். வக்கீல் எடுத்தான். ராஜமணி மாமா எடுத்தார். தாம்பாளம் என் முன்னால் நின்றது. தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், சிரித்த முகம்தான்.

நான் எடுத்தேன். வாயிலும் போட்டுக்கொண்டேன்.

ஏமாற்றினீர்கள் என்று உங்களைச் சொன்னேன் அண்ணாச்சி. ஏமாறுவதற்கு நான் கையை நீட்டினேன் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

5

பொன்மணி என் தங்கை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருடமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்த வேலைதான் அவளுக்கு எல்லாம். சம்பளத்தைச் சொல்லவில்லை. காலையில் எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு இடம் வேண்டுமே, அதைச் சொல்கிறேன்.

போன மாசியில் தலைவருக்கு அறுபது வயது பூர்த்தி. பள்ளிப் பிள்ளைகளை ரோட்டின் இரண்டு பக்கமும் பூத்தட்டோடு நிறுத்தச் சொன்னார்கள். காலை பத்து மணிக்கு நிறுத்தினார்கள். கார் வந்தது ஒன்றரை மணிக்கு. பத்தாம் வகுப்புக்கு அடுத்த வாரம் பரீட்சை. பொன்மணி தன் வகுப்பை வெளியே விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இயற்கணிதம் நடத்தினாள்.

மறுநாள் கடிதம் வந்தது. "தலைவரை அவமதித்தமைக்காகப் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்." இரண்டு வரி.

அவள் அழவில்லை. சட்டதிட்டப் புத்தகத்தை எடுத்தாள். விதி பத்தொன்பதின்படி விசாரணை வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தாள். நான் எழுதிய விதியை முதன்முதலில் பயன்படுத்தியது என் தங்கை. குழுவும் கூடியது. ஐந்து பேர், அதில் ராஜமணி மாமா ஒருவர். மூன்று தடவை உட்கார்ந்தார்கள். பிள்ளைகளைக் கேட்டார்கள், தலைமை ஆசிரியரைக் கேட்டார்கள். இருபத்தாறாம் நாள் எழுதிக் கொடுத்தார்கள்: ஆசிரியை மீது குற்றம் இல்லை, திரும்ப வேலையில் சேர்க்கலாம். ஐந்து பேரும் கையெழுத்து.

தலைவர் வீட்டு முடிவுக்கு எதிராக எங்கள் சங்கத்தில் எழுதப்பட்ட முதல் தாள் அது. போனில் கேட்டபோது நான் வேலையில் இருந்தேன். முத்து மேசையில் கவனம் தப்பி, பிரித்து வைத்த இரண்டு குவியலையும் ஒன்றாக்கிவிட்டேன். நிஷிதா திரும்பப் பிரித்துக் கொடுத்தார்.

தாளை வாங்கிப் படித்துவிட்டுத் தலைவர் சொன்னதை ராஜமணி மாமா எனக்குப் போனில் சொன்னார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கியன்னாருல. கையெழுத்தும் அழகா இருக்குன்னாரு. பெறவு, முப்பத்திரெண்டு இருக்குல்லான்னு கேட்டாரு. தாளை மடிச்சு மேசைக்குள்ள வச்சுப் பூட்டிட்டாரு."

"நீங்க என்ன சொன்னிய?"

"என்னத்தச் சொல்ல? காப்பி குடிச்சிட்டு வந்தோம்."

6

குழு எழுதியபடி நடக்க வேண்டும் என்று நான் சங்கத்துக்கு மனு அனுப்பினேன். வெளிநாட்டில் இருக்கிற அங்கத்தினர் மனு என்றால் இருப்பிடச் சான்று வேண்டும் என்றார் செயலாளர். என் முப்பத்தொரு விதிகளில் அப்படி எதுவும் இல்லை. சரி என்று இங்கே வார்டு அலுவலகத்துக்குப் போனேன். எதற்காக என்று படிவத்தில் ஒரு கட்டம். உறவின்முறைச் சங்கத்தை ஜப்பான் மொழியில் எப்படிச் சொல்வது? சொந்தக்காரர்கள் கூடுகிறார்கள் என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் எழுந்து குனிந்து, "திருமணமா? வாழ்த்துகள்" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வாங்கி வந்தேன். அனுப்பினேன். ஜப்பான் எழுத்தில் இருக்கிறது, தமிழில் வேண்டும் என்று பதில் வந்தது. மொழிபெயர்த்து அனுப்பினேன். மொழிபெயர்த்தவர் யார் என்று கேட்டு இன்னொரு பதில். அதோடு புரிந்துவிட்டது, இது ஓயாது. ஜூன் வரை இழுப்பார்கள். பள்ளிக்கூடம் திறந்து அவள் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்த பிறகு மனுவை ஏற்பார்கள்.

இன்று காலை ஆர்த்தி கட்டுரைக்கு நடுவில் என் மேசையில் இருந்த சட்டதிட்டப் படியைப் புரட்டினாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கடைசித் தாளில் நின்றாள்.

"இது மட்டும் ஏன் பேனா?"

சொன்னேன். வெற்றிலையையும் சொன்னேன்.

"நீங்க எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"வேணாம்னு சொன்னா?"

"அவமானம்."

"யாருக்கு?"

 அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, பென்சிலைச் சீவப் போய்விட்டாள். தூத்துக்குடி அவளுக்கு அப்பாவின் ஊர். அத்தை அவளுக்குப் போனில் வருகிற முகம். இதில் அவளுக்கு வலி இல்லை. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. வலிக்க வேண்டும் என்று நான் எப்படிக் கேட்பது? ஒன்பது வருடமாக ஊருக்குக் கூட்டிப்போகாதவன் நான்தானே.

பால்கனியில் நின்று பொன்மணியைக் கூப்பிட்டேன். அங்கே காலை எட்டு மணி.

"ஏளா, என்ன செய்யுத?"

"சேலை கட்டிட்டு உக்காந்திருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை மாதிரி இரேன். லீவுதானே இப்ப?"

"லீவு பள்ளிக்கூடத்துக்கு. எனக்கு இல்ல. எட்டு மணி ஆனா கால் தானா கட்டிலை விட்டு எறங்குது, நான் என்ன செய்ய?"

 பின்னால் அவள் வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தம்.

"நான் பத்திரிகைல எழுதப் போறேன்" என்றேன். "உன் பேரப் போட்டு. வேண்டாம்னா சொல்லு."

"என்னன்னு எழுதுவ?"

"நடந்ததத்தான்."

"எழுது. ஆனா கெஞ்சாத அண்ணே. பாவப்பட்டவ, தாலியறுத்தவன்னு ஒரு வார்த்த வந்துது, நானே அந்தப் பத்திரிகையக் கிழிச்சுப் போடுவேன். வேலை குடுங்கன்னும் கேக்காத."

"பெறவு என்னத்தக் கேக்க?"

"காரணம் கேளு. அஞ்சு பேரு குத்தமில்லன்னு எழுதியாச்சு. அப்ப என்ன குத்தம்? அத எம் மூஞ்சிக்கு நேரா ஒரு மனுசன் சொல்லணும். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் சொல்லல. கடுதாசி குடுத்ததுகூட வாட்ச்மேனு."

7

எனவே அவள் சொன்னபடி கெஞ்சவில்லை.

வைகாசி இரண்டாவது ஞாயிறு சங்கப் பொதுக்கூட்டம். பொதுக்கூட்டத்துக்குப் பெண்கள் வருவது இதுவரை வழக்கமில்லை. ஆனால் விதி நான்கு, பள்ளி ஆசிரியர்கள் ஆண் பெண் யாரானாலும் கூட்டத்தில் உட்காரலாம் என்கிறது. குழு எழுதிய தாளின்படி அவள் இன்னும் ஆசிரியைதான், பொன்மணி வருவாள். நானும் விடுப்புச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்ட முதலாளியிடம், வார்டு அலுவலகத்தில் சொன்னதுபோல், கல்யாணம் என்று பொய் சொல்லவில்லை.

குழுவில் இருந்த ஐந்து பேருக்கும் சொல்கிறேன். ராஜமணி மாமா, உங்களுக்கும்தான். நீங்கள் எழுதிய தாளின் நகல் உங்களிடம் இருக்கிறது. கொண்டு வாருங்கள். பூட்டி வைத்தவர் எடுக்காவிட்டால் நீங்கள் படியுங்கள். காப்பி குடித்தது போதும்.

தலைவர் அண்ணாச்சி, முப்பத்திரண்டாவது விதி உங்களுக்கு இறுதி முடிவைத் தருகிறது. காரணம் சொல்லாமல் இருக்கிற உரிமையை அது தரவில்லை. நீங்கள் எழுதிய வரியையே திரும்பப் படித்துப் பாருங்கள். பக்கத்தில் இருக்கிற செயலாளரைப் பேச விடாதீர்கள். வக்கீல் மூலம் கடிதம் அனுப்பாதீர்கள். எனக்குத் தனியாகப் போன் போட்டு, "ஏலே பாண்டி, நம்ம வீட்டு விசயத்தப் பத்திரிகைல போடலாமா" என்று கேட்காதீர்கள், நான் எடுக்க மாட்டேன்.

கூட்டத்தில், மைக்கின் முன்னால், எழுந்து நின்று சொல்லுங்கள். பதினாறு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்த பொன்மணி செய்த குற்றம் என்ன? ஐந்து பேர் விசாரித்துக் குற்றமில்லை என்று எழுதியதை எந்தக் காரணத்துக்காகத் தள்ளினீர்கள்? அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.